ராத்தங்கக் கூடாத சாக்லேட்

1

போன வியாழக்கிழமை என் மகன் டேனி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தான். வகுப்பில் கிறிஸ்துமஸ் விருந்து. ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், அவன் அப்பா செய்து வைத்திருந்த சாக்லேட் உருண்டைகளை ஒரு டப்பா நிறையத் தூக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த டப்பாவின் மேல் டீச்சர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. இந்தச் சாக்லேட்டில் பீர் சேர்ந்திருப்பதாக அறிகிறோம், பிள்ளைகளுக்குக் கொடுக்க இயலாது, தங்கள் அன்புக்கு நன்றி. அதன் கீழே பேனாவால் இன்னொரு வரி: ஆசிரியர் அறையில் ஆறு உருண்டை எடுத்துக்கொண்டோம், மன்னிக்கவும், மிக அருமை.

பீர் விஷயத்தைப் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்டேன். வேறு யார், இவனேதான். அதோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, இப்போது சாக்லேட் செய்கிறார், முன்னால் இந்தியாவில் பாம் செய்துகொண்டிருந்தார் என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான். வகுப்பே வாயைப் பிளந்ததாம். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

பாம் இல்லடா, பட்டாசு என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான். பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த சாத்தூரில் பிறந்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவனுக்கு வயது பத்து. தமிழ் கேட்டால் புரியும், பசித்தால் மட்டும் பேசுவான். அவன் அப்பாவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவனுக்குச் சொல்ல உட்கார்ந்தேன், இங்கிலீஷில் வரவில்லை. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் நர்ஸ். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அயர்லாந்து ஆஸ்பத்திரிகள் நம் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக எடுத்தபோது வந்தவள். கார்க் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முதியோர் வார்டில் வேலை. ஒரு வருடம் கழித்து என் வீட்டுக்காரர் ஜெபராஜும் டேனியும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருடம் ஷீபா பிறந்தாள்.

இவர் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினாலு வருடம் ஃபோர்மேன். அதிலும் மணி மருந்து அறைக்கு. வானத்தில் போய்ச் சிவப்பும் பச்சையுமாக விரிகிறதே, அந்த நிறம் இருப்பது சுண்டைக்காய் அளவு உருண்டைகளில். வெடிமருந்தைக் கஞ்சிப் பசை விட்டுப் பிசைந்து, உருட்டி, மேலே கரிமருந்துப் பொடியில் புரட்டி, வெயிலில் காயவைப்பார்கள். அதுதான் மணி மருந்து. பட்டாசு வேலையிலேயே அதுதான் பொல்லாத வேலை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இவருடைய அறையில் நாலு பேரும் பெண்கள். அந்த நாலு பேருக்கும் மேலே இவர், வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு.

கல்யாணமான புதிதில் எனக்கு இவரைப் பிடிக்கவில்லை. வீட்டிலும் ஃபோர்மேன்தான். கதவைச் சாத்தினால் திறப்பார். கரண்டியை டங்கென்று வைத்தால் திரும்பிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட முதலில் எத்தனை வாசல் இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார். என்ன மனுசனோ என்று தலையில் அடித்துக்கொள்வேன். பக்கத்துக் கம்பெனியில் வெடித்து, சங்கு ஊதி, ஊர் முழுக்க ஓடின ஒரு நாளில், இவர் அந்தப் பக்கம் ஓடாமல் தன் நாலு பேரையும் வெளியே கூட்டி வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் கதவைத் திறந்தே வைத்தேன்.

அப்படிப்பட்ட மனுசன் இங்கே வந்தபோது பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். மனைவியின் தயவில் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. யாராவது ஒரு முதலாளி இவர் பெயருக்கு பெர்மிட் கேட்டு எழுதினால்தான் உண்டு. பட்டாசே விற்கக் கூடாத நாட்டில் பட்டாசு ஃபோர்மேனுக்கு யார் எழுதுவார்கள்? இரண்டு வருடம் இவர் பிள்ளைக்குப் பால் கலக்கினார், துணி மடித்தார், தள்ளுவண்டியை ஆற்றங்கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினார். குறையே சொல்லவில்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. டேனி இங்கிலீஷில் என்னமோ கேட்பான், இவர் தமிழில் ம் என்பார், அவன் போய்விடுவான்.

நாலு வருடத்துக்கு முந்தின கார்த்திகை மாதம் பழைய முதலாளி போன் செய்தார். பொங்கல் கழித்து சீசனுக்கு வந்துவிடு, உன் அறை அப்படியே இருக்கிறது என்றார். இவர் போனை வைத்துவிட்டு, ஜனவரிக்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னார். ஒரு டிக்கெட். நான் போட்டேன். போட்டுவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். போனால் இந்த மனுசன் திரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி போனில் பேசிக்கொள்கிற குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை இருக்கின்றன, நாங்களும் அதில் ஒன்றாகிவிடுவோம்.

3

எங்கள் வார்டில் கேத்லீன் என்று ஓர் உதவியாளர். ஐம்பது வயது, பெரிய சரீரம், அதைவிடப் பெரிய சிரிப்பு. வார்டில் இருக்கிற முதியவர்களை வெளியே கூட்டிப்போவதற்காக வருடா வருடம் டிசம்பரில் ஒரு விற்பனை நடக்கும். அதில் கேத்லீனுடைய சாக்லேட் உருண்டைதான் பேர்போனது. இந்த நாட்டுக் கருப்பு பீர், ஸ்டவுட் என்பார்கள், அதை ஊற்றிச் செய்வது. அந்த வருடம் விற்பனைக்கு நாலு நாள் இருக்கையில் அவள் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். முந்நூறு உருண்டை வேண்டும் என்று ஆட்கள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். ஒற்றைக் கையால் என்னடி செய்வேன் என்று என்னிடம் புலம்பினாள். என் வாய் சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரர் உருண்டை நன்றாக உருட்டுவார் என்று சொல்லிவிட்டேன். உதவிக்குப் போவது வேலையில் சேராது, முத்திரை கோபித்துக்கொள்ளாது.

இவரிடம் சொன்னபோது முதல் கேள்வி, பீரா என்பதுதான். எங்கள் வீட்டில் அந்த வாடையே கிடையாது. சபை ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். முந்தின நாள் குடித்த வாசம் காலையில் மிச்சம் இருந்தாலும் அந்த ஆளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிற ஃபோர்மேன் இவர். தொடாமல் செய்ய முடியுமா என்றார். கரண்டியால் செய்யுங்கள் என்றேன். டேனிக்கு வார விடுமுறை, ஷீபா தள்ளுவண்டியில் தூங்குவாள். சனிக்கிழமை காலையில் மூன்று பேருமாகக் கேத்லீன் வீட்டுக்குப் போனார்கள். நானும் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன், மொழிபெயர்க்க.

போனதும் இவர் செய்த காரியத்தை நான் என்னென்று மொழிபெயர்ப்பேன்? செருப்பை வாசலில் கழற்றினார். சமையலறையின் பின்கதவை அகலத் திறந்தார். டிசம்பர் மாதம், வெளியே புல்லெல்லாம் உறைந்து கிடக்கிறது. மேசையில் இருந்த எஃகுக் கத்தி, கரண்டி எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு மரக்கரண்டியை எடுத்தார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து மேசைக்கடியில் வைத்தார். பிறகு எண்ணினார். கேத்லீன், நான், இவர், டேனி. நாலு. ஷீபாவின் வண்டியை நடைக்குத் தள்ளிவிட்டார். கேத்லீன் என்னைப் பார்த்தாள். எங்கள் ஊர் வழக்கம் என்று சமாளித்தேன். போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள், நல்லவள்.

செய்முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு போத்தல் ஸ்டவுட்டை அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் கால் பங்காக வற்றவைக்க வேண்டும். முதலில் நுரைக்கும், பிறகு பழங்காப்பி வாசம் வரும், கடைசியில் பாகுபோல் கரண்டியில் ஒட்டும். குடிக்கிற சமாசாரம் அதற்குள் பெரும்பாலும் ஆவியாகிவிடும், கசப்பு மட்டும் நிற்கும். கருப்புச் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி வைத்து, கொதிக்கிற பதத்தில் இருக்கும் க்ரீமை அதன் மேல் ஊற்றி, தொடாமல் கொஞ்சம் விட்டு, நடுவிலிருந்து வெளியே மெதுவாகக் கலக்க வேண்டும். கொஞ்சம் வெண்ணெய். பிறகு அந்தப் பாகு. மூடிக் குளிர்பெட்டியில் இரவு முழுக்க இறுகவிட வேண்டும். மறுநாள் எடுத்து உருட்டி, கோக்கோப் பொடியில் புரட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கலக்குகிற வேகம் கூடினால் எண்ணெய் பிரிந்துபோகும், உருட்டுகிற கை சூடாக இருந்தால் கையிலேயே உருகும்.

முந்தின நாள் கேத்லீன் ஒற்றைக் கையால் கலந்து வைத்த பாத்திரம் இறுகித் தயாராக இருந்தது. இவர் கையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, துடைத்து, ஒரு கிள்ளு எடுத்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மூன்றே சுற்று. பொடியில் போட்டார். அடுத்தது. அடுத்தது. நான் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டேன். இரண்டு வருடமாக என் வீட்டில் துணி மடித்த கையா இது? ஒரு உருண்டைக்கும் இன்னொரு உருண்டைக்கும் குன்றிமணி வித்தியாசம் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, கட்டிக்கொண்ட நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரை நான் வாய்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டேனியும் அப்பா பக்கத்தில் போய் நின்றான். இவர் அவன் கையைத் தண்ணீரில் முக்கிவிட்டு, ஒரு கிள்ளு கொடுத்தார். அழுத்தக் கூடாது, அதுவா உருளணும் என்று மட்டும் சொன்னார். அவனுக்குப் புரிந்தது.

உச்சிக்குள் நூற்றைம்பது. மீதி நூற்றைம்பதுக்கு இவரே புதுக் கலவை போட்டார். ஸ்டவுட் போத்தலைத் துணியால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினதைப் பார்த்துக் கேத்லீன் வயிறு குலுங்கச் சிரித்தாள். அதை ஞாயிறு உருட்டினால் திங்கட்கிழமை விற்பனைக்குச் சரியாக இருக்கும். எனக்கு டியூட்டிக்கு நேரமாயிற்று. டேனியைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவதற்காகக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கேத்லீனும் கட்டைப் பார்க்க டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. கலவை ஆறும்வரை இருந்து, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போங்கள் என்று இவரிடம் சைகையும் சொல்லுமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

4

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது இவர் முகம் தெளிந்திருந்தது. ஷீபாவை மடியில் வைத்து ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றார். ஜனவரி டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாமா என்று எனக்கு ஒரு நப்பாசை வந்தது. அப்போது போன் அடித்தது.

கேத்லீன். கலவைப் பாத்திரம் கவிழ்த்து வைத்திருக்கிறதே, கலவையை வேறு எதிலாவது மாற்றினாரா, குளிர்பெட்டியில் காணோமே என்று கேட்டாள். நான் இவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன். இவர் பாட்டை நிறுத்தினார். முகத்திலிருந்து அந்தத் தெளிவு இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். இந்த ஊரில் டிசம்பரில் நாலரை மணிக்கே வெளிச்சம் போய்விடும். கம்பெனியில் அது வேலை முடிக்கிற நேரம். அந்த நேரத்தில் ஃபோர்மேன் செய்ய வேண்டிய கடைசிக் காரியம் ஒன்று உண்டு. கலந்த மருந்தில் மிச்சம் இருந்தால் அதை அறையில் விடக் கூடாது. ராத்திரிச் சூட்டில், ஈரத்தில் அது தானாக என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. தண்ணீரை ஊற்றிக் கொன்று, தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும். பதினாலு வருடம் ஒரு நாள் தவறாமல் செய்தது. சன்னலில் வெளிச்சம் குறைந்ததும் இவர் மேசைக்கடியிலிருந்த வாளியை எடுத்து நூற்றைம்பது உருண்டைக்கான கலவையில் ஊற்றி, தோட்டக் கடைசியில் குழி பறித்துக் கொட்டி, பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கையும்தான்.

"கலந்தது ராத்தங்கக் கூடாதுல்ல," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நாலு பேர் சிரிக்கும்படி செய்துவிட்டீர்களே, இது மிட்டாய், மருந்து இல்லை, இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அந்தக் கம்பெனியைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைவீர்கள் என்று கத்தினேன். டேனி காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போனான். இவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"டிக்கெட்ட முன்னால மாத்த முடியுமான்னு கேளு எஸ்தர்," என்றார். "இங்கன என் கை எதுக்கும் ஆகாது."

5

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் இவர் என்னிடம் ஷீபாவைக் கேட்டார். தள்ளுவண்டியோடு கிளம்பினார். எங்கே என்றேன், சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் மலையாளி நர்ஸ் ஒருத்தி சாயங்காலம் போன் செய்துதான் விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டரைக்கு முன்னால் இங்கே மது விற்க மாட்டார்கள். கோட்டும் டையும் கட்டி, கையில் வேதப் புத்தகம், முன்னால் வண்டியில் கைக்குழந்தை, இந்தக் கோலத்தில் இவர் மதுக்கடை வாசலில் அரை மணி நேரம் கதவு திறப்பதற்காகக் காத்து நின்றிருக்கிறார். சேட்டனுக்கு வீட்டில் ஏதாவது வருத்தமா என்று அவள் மிகுந்த கரிசனத்தோடு விசாரித்தாள். கேட்டிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பினவர், ஷீபாவின் காலடியில் இரண்டு ஸ்டவுட் போத்தலைப் படுக்கவைத்து, போர்வையால் மூடி, நேராகக் கேத்லீன் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அங்கே நடந்ததைக் கேத்லீன்தான் எனக்குச் சொன்னாள். கதவைத் திறந்ததும் இவர் போத்தலை நீட்டினாராம். இவருடைய இங்கிலீஷ் அப்போது ஒரு கைப்பிடி. என் தவறு, என்றாராம். ஊரில் பட்டாசு, ராத்திரி வைத்தால் ஆபத்து, நாலு பெண்கள், அதனால் தண்ணீர். இவ்வளவுதான் சொன்னாராம். நான் எங்கள் ஊர் வழக்கம் என்று மூடி மறைத்ததையெல்லாம் இவர் பத்து வார்த்தையில் திறந்துவிட்டார்.

கேத்லீன் சிரிப்பாள் என்று நான் பயந்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. இவரை உள்ளே கூப்பிட்டாள். பிறகு தன் செருப்பைக் கழற்றினாள். உடையாத இடது கையால் பின்கதவைத் தள்ளித் திறந்தாள். மேசையில் கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவுதொட்டியில் போட்டாள். இதைச் சொல்லிவிட்டு, உன் புருசன் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன் என்றாள். பெரிய படிப்புப் படித்தவள் இல்லை கேத்லீன். அவளுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று.

கலவையைச் சிறு சிறு தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பித் தோட்டத்துப் பனியில் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் இறுகிவிட்டது. வெயிலில் காயவைத்த கைக்குப் பனியில் காயவைக்கத் தோன்றியிருக்கிறது. நாலரை மணிக்கு நூற்றைம்பதும் முடிந்தது. பாத்திரத்தில் ஒரு பொட்டு மிச்சமில்லை.

6

திங்கட்கிழமை மதியத்துக்குள் முந்நூறும் தீர்ந்தது. கேத்லீனுடைய தங்கை புருசன் டெனிஸ் அந்த ஊரில் ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். ஒல்லி, முகத்தில் சிரிப்பு வராது. அவர் ஒரு டப்பா வாங்கிக் கடைக்குக் கொண்டுபோய், தின்னாமல், ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு வார்டுக்கு வந்து, இதை உருட்டினது எந்த மிஷின் என்று கேட்டார். கேத்லீன் என்னைக் கைகாட்டினாள். அவருக்கு ஓர் ஆள் தேவையாம், பெர்மிட்டுக்கு அவரே எழுதுவாராம். முன்பு பார்த்த வேலை என்ன, அதற்குச் சாட்சி சொல்ல யார் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்.

இங்கேதான் என் பாவம் ஒன்று வெளியே வருகிறது. இவருக்கு விசா கேட்டபோது, மதுரை ஏஜெண்ட் சொன்னான் என்று, முன்பு பார்த்த வேலை என்ற இடத்தில் பேப்பர் கம்பெனி சூப்பர்வைசர் என்று எழுதியவள் நான். வெடி என்ற சொல்லுக்கே உலகம் பயந்துகொண்டிருந்த காலம், வேறு வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. ஒரு மனுசனுடைய பதினாலு வருடத்தை ஒற்றை வரியில் அழித்துவிட்டு, இங்கே வந்து, பேசமாட்டேன் என்கிறாரே என்று வருத்தப்பட்டவள் நான்.

டெனிஸ் கேட்ட அன்று ராத்திரி சமையல்மேசையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று விசா அலுவலகத்துக்கு, நான் எழுதியது தவறு என்று. என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டேதான் தபாலில் போட்டேன். ஆறு வாரம் கழித்து, தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று ஒற்றை வரி வந்தது. அது வேறு கதை. மற்றொன்று டெனிஸுக்கு. பட்டாசுக் கம்பெனி, மணி மருந்து அறை, ஃபோர்மேன், பதினாலு வருடம் என்று எழுதினேன். ஒரு விபத்துகூட இல்லை என்று அடுத்த வரி எழுதியபோது இவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"அத எழுதாத. அத வாய்விட்டுச் சொல்றதில்ல."

எனக்கும் தெரியும், நம் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மருந்தின் காதில் விழுந்துவிடும். அந்த வரியை அடித்துவிட்டேன். சாட்சிக்கு முதலாளி பெயரை எழுதப் போனேன். அதற்கும் வேண்டாம் என்றார். முதலாளிக்கு ஆபீஸ் அறைதான் தெரியும், உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் என் வேலை தெரியும், செல்லத்தாய் பெயரை எழுது என்றார். அந்த நாலு பெண்களில் மூத்தவள் அவள்.

டெனிஸ் விளையாட்டுக்குச் சாட்சி கேட்கிற ஆள் இல்லை. பேசியே ஆகவேண்டும் என்றார். எம். புதுப்பட்டி பஸ் நிறுத்தத்துப் போன் பூத்துக்குத் தகவல் சொல்லி, மறுநாள் இங்கே பன்னிரண்டரை, அங்கே சாயங்காலம் ஆறு, செல்லத்தாயை வரவழைத்தோம். பேக்கரியின் பின்னறையில் டெனிஸ், கேத்லீன், நான். இவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. போனில் எல்லாருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினார் டெனிஸ். இந்த ஆளிடம் வேலை செய்தீர்களே, எப்படிப்பட்டவர் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

செல்லத்தாய்க்கு வெள்ளைக்காரனாவது ஒன்றாவது. எடுத்த எடுப்பில் குறைதான். கோபக்காரர் என்றாள். செருப்பு வாசலைத் தாண்டினால் ஏச்சு. பொங்கலுக்கு எடுத்த புது நைலக்ஸ் சேலையை ஆசையாகக் கட்டிக்கொண்டு போனால், அந்தத் துணி உரசினால் பொறி வரும் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பி, நூல் சேலை மாற்றிக்கொண்டு வரச் சொன்னவர். அன்றைக்கு அரை நாள் கூலிதான் கிடைத்தது. அதை இன்னும் மறக்கவில்லை என்று சொல்லிவிடு என்றாள். நான் கொஞ்சம் பூசி மெழுகித்தான் மொழிபெயர்த்தேன். டெனிஸ் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். சரி, வேலையில் எப்படி என்று கேளுங்கள் என்றார்.

நான் கேட்டதும், பஸ் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினாள் செல்லத்தாய்.

"ஏத்தா எஸ்தரு, அந்த வெள்ளக்காரருகிட்ட சொல்லு. பதினாலு வருசம் அவுக ரூம்ல நாங்க நாலு பேரு மணி மருந்து உருட்டுனோம். தெனமும் சாயங்காலம் நாலு பேரும் எங்க வீட்டுக்குப் போனோம். வேற என்னத்தச் சொல்ல."

அதை இங்கிலீஷில் சொல்ல ஏழெட்டு வார்த்தை போதும். நான் வாசலில் நின்ற இவரைத் திரும்பிப் பார்த்தேன். டெனிஸ் என்னையே பார்த்தார், ஏதோ கெட்டதாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்திருப்பார். இந்தத் தடவை பூசி மெழுகாமல் சொன்னேன். தினமும் சாயங்காலம் நாலு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதானா என்றார் அவர். கேத்லீன் தன் நல்ல கையால் அவர் தோளைப் பிடித்தாள். அதைவிட என்னடா வேண்டும் உனக்கு என்றாள். டெனிஸ் வாசல்பக்கம் பார்த்தார். இவர் அங்கே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பனித்தரையில் நின்றுகொண்டிருந்தார். டெனிஸ் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து வைத்தார்.

அந்த ஜனவரி டிக்கெட்டில் யாரும் போகவில்லை.

இதை எழுதி முடிக்கிறபோது மணி ஐந்தேகால். மாடியிலிருந்து இறங்கி வந்த டேனிக்கு நாலு பெண்களையும் நைலக்ஸ் சேலையையும் பற்றிச் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.  அவன் சன்னலருகே போய் நின்றான். பேக்கரியைச் சாத்திவிட்டு இவர் சைக்கிளில் தெருமுனை திரும்புவது அங்கிருந்து தெரியும்.

"அம்மா," என்றான், பசிக்காமலே, தமிழில். "அப்பா வீட்டுக்கு வந்தாச்சு."